சாக்ரடீஸ் சொன்னதும் சொல்லாததும்: ஒரு பள்ளிச் சுவருக்கான ஆலோசனை

ஓர் ஆசிரியை எழுதிய கடிதம்:

"ஐயா, வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளித் தாழ்வாரச் சுவருக்கு இப்போதுதான் வெள்ளையடித்திருக்கிறார்கள். அதில் பண்டைய கிரேக்க அறிஞர்களின் பொன்மொழிகளை எழுதும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்திருக்கிறார். வாட்ஸ்அப்பிலும் இணையத்திலும் கிடைத்தவற்றைத் தொகுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இவை உண்மையிலேயே அவர்கள் சொன்னவைதானா? எப்படிக் கண்டுபிடிப்பது? சக ஆசிரியர் ஒருவர், 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் என்று வள்ளுவரே சொல்லிவிட்டார், கருத்து நன்றாக இருந்தால் போதாதா, பெயரில் என்ன இருக்கிறது?' என்று கேட்கிறார். அதுவும் சரி என்றுதான் படுகிறது. அடுத்த வாரம் பெயின்டர் வருகிறார். உங்கள் ஆலோசனை வேண்டும்."

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

பெயின்டர் வருவதற்கு முன்பே கேட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. பண்டைய கிரேக்க வரலாற்றைக் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில் உங்கள் பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். கிட்டத்தட்டப் பாதி அந்த அறிஞர்கள் சொன்னவையே அல்ல. மீதியில் சில நல்ல முத்துகள்.

உங்கள் சக ஆசிரியரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. அந்தக் குறள் யார் சொன்னாலும் ஏற்றுக்கொள் என்று சொல்லவில்லை. யார் சொன்னாலும் அதில் உள்ள உண்மையைத் தேடிப் பார் என்கிறது. ஒரு வாக்கியத்துக்குக் கீழே 'பிளேட்டோ' என்று எழுதும்போது, அந்தப் பெயரும் நீங்கள் மாணவர்களிடம் சொல்லும் செய்திகளில் ஒன்று ஆகிவிடுகிறது. கருத்து மட்டும் போதும் என்றால் பெயரில்லாமல் எழுதுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. பெயர் போட்டால் அது உண்மையாக இருக்க வேண்டும். அதுவும் வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியை பொறுப்பேற்று எழுதும் சுவரில்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் இடத்தில், ஒரு நெருக்கடியில், யாரோ ஒருவரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. அந்தச் சந்தர்ப்பத்தைப் பிய்த்து எறிந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் நாட்காட்டி வாசகம்தான்.

உங்கள் பட்டியலின் முதல் வரியையே பாருங்கள். "இன்றைய இளைஞர்கள் சொகுசை விரும்புகிறார்கள், பெரியவர்களை மதிப்பதில்லை, ஆசிரியர்களை எதிர்த்துப் பேசுகிறார்கள்" என்பது சாக்ரடீஸ் சொன்னதாக உலகமெங்கும் சுற்றுகிறது. சாக்ரடீஸ் பேசியதைப் பதிவு செய்த அவருடைய மாணவர்கள் இருவரில் பிளேட்டோவிடமும் இது இல்லை, ஸெனஃபனிடமும் இல்லை. பண்டைய கிரேக்கக் கல்வியைப் பற்றி கென்னத் ஜான் ஃப்ரீமன் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் எழுதிய ஆய்வு 1907-இல் நூலாக வந்தது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் இளைஞர்களைப் பற்றிப் புலம்பியதை அவர் தம் சொந்த நடையில் தொகுத்துக் கொடுத்திருந்தார். அந்தத் தொகுப்பைப் பின்னால் வந்தவர்கள் சுருக்கி, சாக்ரடீஸ் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம். பழைய காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு அடக்கமாக இருந்தார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படிக் கெட்டுவிட்டார்களே என்ற புலம்பலை அரிஸ்டோஃபனீஸ் 'மேகங்கள்' என்ற நகைச்சுவை நாடகத்தில் வைத்திருக்கிறார். கி.மு. 423-இல் ஏதென்ஸில் அரங்கேறிய நாடகம் அது. அதில் இளைஞர்களைக் கெடுப்பவராகக் காட்டப்படுகிறவரே சாக்ரடீஸ்தான்! இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் நின்றபோது, அந்த நாடகம் தம்மைப் பற்றி மக்கள் மனதில் பதித்த தப்பெண்ணத்தை அவரே குறிப்பிட்டுப் பேசுகிறார். இளைஞர்களைக் கெடுத்தார் என்பதும் அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதற்காக உயிரை விட்ட மனிதரின் பெயரில், இளைஞர்களைத் திட்டும் வாசகத்தை ஒரு பள்ளிச் சுவரில் எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதி. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

எடுக்க வேண்டிய மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். "போரின் முடிவை இறந்தவர்கள் மட்டுமே கண்டிருக்கிறார்கள்" என்பது பிளேட்டோ அல்ல, ஜார்ஜ் சந்தயானா 1922-இல் எழுதியது. அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் 1962-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் அதைப் பிளேட்டோ பெயரில் சொன்னார், பிழை இன்னும் பரவிவிட்டது. "அன்பாக இரு, நீ சந்திக்கும் ஒவ்வொருவரும் ஒரு கடும் போராட்டத்தில் இருக்கிறார்கள்" என்பதும் பிளேட்டோ அல்ல, இயன் மெக்லாரன் என்ற புனைபெயரில் எழுதிய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவருடையது. "மாற்றத்தின் ரகசியம், பழையதை எதிர்ப்பதில் அல்ல, புதியதைக் கட்டுவதில் முழு ஆற்றலையும் செலுத்துவது" என்று சொன்னவர் பெயர் சாக்ரடீஸ்தான், ஆனால் அவர் டான் மில்மன் 1980-இல் வெளியிட்ட நூலில் வரும் ஒரு பெட்ரோல் பங்க் ஊழியர். "உணவே உன் மருந்தாகட்டும்" என்ற வரி ஹிப்போகிராட்டஸ் பெயரில் வந்துசேர்ந்திருக்கும் மருத்துவ நூல்கள் எதிலும் இல்லை.

அரிஸ்டாட்டில் பெயரில் நீங்கள் எழுதியிருப்பது கொஞ்சம் வேறு ரகம். "நாம் திரும்பத் திரும்பச் செய்வதே நாம். சிறப்பு என்பது ஒரு செயல் அல்ல, ஒரு பழக்கம்." இது வில் டுரான்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1926-இல் அரிஸ்டாட்டிலின் கருத்தைச் சுருக்கி எழுதிய வாக்கியம். கருத்து அரிஸ்டாட்டிலுடையதுதான், வாக்கியம் அவருடையது அல்ல. அவரே எழுதியது இதைவிட எளிமையானது, மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது. 'நிக்கோமாகியன் அறவியல்' இரண்டாம் புத்தகத்தில் வருகிறது: வீடு கட்டிக் கட்டியே ஒருவர் கட்டடக் கலைஞர் ஆகிறார், யாழ் வாசித்து வாசித்தே யாழ்க் கலைஞர் ஆகிறார், அதேபோல நியாயமான செயல்களைச் செய்து செய்தே நியாயமானவர் ஆகிறோம். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அதையே எழுதுங்கள்.

இனி வைத்துக்கொள்ள வேண்டியவை. "ஆராயாத வாழ்க்கை வாழத் தகுதியற்றது" என்பதை நீங்கள் பட்டியலின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அது முதலில் வர வேண்டியது. அது பேசப்பட்ட நேரம் கி.மு. 399, இடம் ஏதென்ஸ் நீதிமன்றம். சாக்ரடீஸுக்கு வயது எழுபது. குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. முப்பது வாக்குகள் மாறியிருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்று அவரே சொல்கிறார். அந்த ஊர் வழக்கப்படி தண்டனையை இரு தரப்பும் முன்மொழிய வேண்டும், நடுவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். குற்றம் சாட்டியவர்கள் மரண தண்டனை கேட்டார்கள். சாக்ரடீஸ் நாடுகடத்தல் என்று கேட்டிருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கும். அப்போது அவரே ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்கிறார்: வேறு எங்காவது போய், வாயை மூடிக்கொண்டு அமைதியாக வாழக் கூடாதா என்று யாராவது கேட்கலாம். அதற்கு அவர் நடுவர்களைப் பார்த்துச் சொல்லும் பதில்தான் இந்த வரி: அப்படி வாழ்வது கடவுளின் கட்டளையை மீறுவது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தினமும் அறத்தைப் பற்றிப் பேசுவதும் என்னையும் பிறரையும் ஆராய்வதுமே மனிதனுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை, ஆராயாத வாழ்க்கை மனிதன் வாழத் தக்கது அல்ல என்று சொன்னால் இன்னும் குறைவாகவே நம்புவீர்கள் என்கிறார்.

தாம் சொல்வதை எதிரே இருப்பவர்கள் நம்பப் போவதில்லை என்று தெரிந்தே சொன்ன வார்த்தை அது. பேசாமல் இருப்பதாக ஒப்புக்கொண்டால் உயிர் பிழைக்கலாம் என்ற நேரத்தில் சொன்னது. அதற்குப் பிறகு நடந்த வாக்கெடுப்பில் மரண தண்டனை முடிவானது. இதை நீங்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அந்தச் சுவரைக் கடக்கும் பிள்ளைகள் அந்த வரியை வேறு மாதிரி படிப்பார்கள்.

அந்த விசாரணையின்போது பிளேட்டோ அங்கே இருந்தார். மரண தண்டனைக்குப் பதிலாக அபராதம் கட்டினால் அதற்குப் பொறுப்பேற்க முன்வந்த நண்பர்களில் அவரும் ஒருவர். இருந்தாலும் சாக்ரடீஸின் நீதிமன்ற உரையாக அவர் எழுதிய 'அப்பாலஜி' சுருக்கெழுத்துப் பதிவு அல்ல, பின்னால் நினைவிலிருந்தும் தம் சிந்தனையிலிருந்தும் எழுதியது. ஸெனஃபன் அப்போது ஆசியாவில் படையோடு இருந்தார், பிறகு கேட்டறிந்து வேறொரு வடிவத்தை எழுதினார். இரண்டிலும் பேச்சின் தொனியே வேறு. எனவே "சாக்ரடீஸ், பிளேட்டோவின் 'அப்பாலஜி' நூலில்" என்று எழுதுவது முழு நேர்மை.

"எனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டுமே எனக்குத் தெரியும்" என்ற வரியையும் அந்த நூலை வைத்தே திருத்திக்கொள்ளுங்கள். சாக்ரடீஸின் நண்பர் கைரஃபன், அப்பல்லோ கடவுளிடம் குறி கேட்கும் தலமான டெல்ஃபிக்குப் போய், சாக்ரடீஸைவிட ஞானமுள்ளவர் யாரேனும் உண்டா என்று கேட்கிறார். இல்லை என்று குறி சொல்லும் பெண் பதில் தருகிறாள். குழம்பிப்போன சாக்ரடீஸ் அரசியல்வாதிகளிடமும் கவிஞர்களிடமும் கைவினைஞர்களிடமும் போய்ப் பேசிப் பார்க்கிறார். ஓர் அரசியல்வாதியிடம் பேசிவிட்டுத் திரும்பும்போது அவர் தமக்குள் சொல்லிக்கொள்வது இது: தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று அவர் நினைக்கிறார், எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று நான் நினைப்பதில்லை, அந்தச் சிறு அளவுக்கு நான் அவரைவிட ஞானமுள்ளவன். ஒன்றுமே தெரியாது என்று அவர் சொல்லவில்லை. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே கோடு போடத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு எது உதவும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"கல்வி என்பது பாத்திரத்தை நிரப்புவது அல்ல, தீயை மூட்டுவது" என்பதையும் சாக்ரடீஸ் பெயரில் எழுதியிருக்கிறீர்கள். இது புளூட்டார்க். டெல்ஃபியில் அப்பல்லோ கோயில் பூசாரியாகவும் இருந்தவர், கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர். பாடம் கேட்பது எப்படி என்பதைப் பற்றி நிக்காண்டர் என்ற இளைஞருக்கு அவர் எழுதிய கட்டுரையின் கடைசியில் வருகிறது. மனம் நிரப்ப வேண்டிய பாத்திரம் அல்ல, விறகைப் போலப் பற்றவைத்தால் போதும், தேடும் ஆர்வமும் உண்மை மீதான ஆசையும் தானே எரியும் என்கிறார். அதற்கு அடுத்த வரியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அண்டை வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போன ஒருவர், அங்கே பெரிதாக எரியும் தீயைப் பார்த்துவிட்டுக் குளிர்காய்ந்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டால் எப்படி இருக்கும்? ஆசிரியரின் பேச்சைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு, தம் விளக்கை ஏற்றிக்கொள்ளாமல் போகும் மாணவரும் அப்படித்தான் என்கிறார். இந்த வரியை ஆசிரியர்களுக்குப் புத்தி சொல்வதற்கே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். புளூட்டார்க் சொன்னது மாணவர்களுக்கு! இரண்டு வரியையும் சேர்த்து எழுத இடம் ஒதுக்குங்கள்.

"உன்னையே நீ அறிவாய்" சாக்ரடீஸுக்கு முந்தியது. டெல்ஃபி அப்பல்லோ கோயிலின் முன்மண்டபத்தில் பொறிக்கப்பட்டிருந்ததாகப் பவுசானியஸ் என்ற பயணி எழுதுகிறார். "எதிலும் அளவு மீறாதே" என்பதும் அங்கேதான். பண்டைய கிரேக்கர்கள் போற்றிய ஏழு ஞானிகள் ஒன்றுகூடிக் காணிக்கையாக வைத்த வாசகங்கள் என்பது மரபு. மூன்றாவதாக ஒன்றும் அங்கே இருந்தது: "ஜாமீன் நின்றால் கேடு பக்கத்திலேயே." கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவதிப்படும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு, 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்களும் நம்மைப் போன்றவர்களே என்று இந்த ஒரு வரியிலேயே புரிந்துவிடும்.

டெல்ஃபி வாசகங்கள் எவ்வளவு தூரம் பயணம் செய்தன என்பதை அவசியம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆப்கானிஸ்தானின் வடகிழக்கில், ஆமு தர்யாவும் கோக்சா ஆறும் கூடும் இடத்தில் அய் கானும் என்ற கிரேக்க நகரம் இருந்தது. 1960-களில் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் அதைத் தோண்டியபோது, 1966-இல் ஒரு கல்வெட்டுப் பீடம் கிடைத்தது. கிளியார்கஸ் என்பவர் டெல்ஃபியில் இருந்த வாசகங்களைக் கவனமாகப் படியெடுத்துக்கொண்டு வந்து, கினியஸ் என்பவரின் நினைவிடத்தில் நிறுவியதாக அதில் ஒரு செய்யுள் சொல்கிறது. வாசகங்கள் இருந்த கல்தூண் ஒரு சிறு துண்டு தவிர அழிந்துவிட்டது. பீடத்தில் கடைசி ஐந்து வரிகள் மட்டும் தப்பின. அவை இவைதான்: சிறு வயதில் ஒழுங்கோடு இரு. இளமையில் உன்னை அடக்கு. நடு வயதில் நியாயமாக இரு. முதுமையில் நல்ல யோசனை சொல். சாகும்போது வருந்தாதே.

உங்கள் சுவருக்கு என்னைக் கேட்டால் இந்த ஐந்து வரிகளே போதும் என்பேன். யாரோ ஒரு மனிதர், பெயரைத் தவிர வேறு எந்தப் பெருமையும் பேசாமல், இந்த வார்த்தைகளுக்காக இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்திருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "ஒரே ஆற்றில் இருமுறை இறங்க முடியாது" என்பதை ஹெராக்ளிடஸ் சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார், அதனால் எழுதலாம். "யுரேகா" கதையை நமக்குச் சொல்பவர் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர், ஆர்க்கிமிடீஸ் இறந்து இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு. "ஆயுதங்களைக் கீழே போடு" என்று கேட்ட பாரசீக மன்னருக்கு ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸ் "வந்து எடுத்துக்கொள்" என்று பதில் சொன்னதாகப் புளூட்டார்க்கிடம் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு நெருங்கிய காலத்தவரான வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸிடம் அது இல்லை. அவரிடம் இருப்பது டியனக்கீஸ் என்ற ஸ்பார்ட்டா வீரர் சொன்னது. பாரசீகர்களின் அம்புகள் சூரியனையே மறைத்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்த, "நல்லது, நிழலில் நின்று சண்டை போடலாம்" என்றாராம். கி.மு. 480, தெர்மோபிலே போர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

ஹிப்போகிராட்டஸ் வேண்டும் என்றால் உணவு மருந்தை விட்டுவிட்டு அவர் பெயரிலான 'நீதிமொழிகள்' நூலின் முதல் வரியை எழுதுங்கள்: "வாழ்க்கை சிறிது, கலை பெரிது, வாய்ப்பு நொடியில் மறைவது, அனுபவம் ஏமாற்றுவது, தீர்மானிப்பது கடினம்."

எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டீர்கள். கிரேக்க நூல்களில் இது எளிது. பிளேட்டோவின் எல்லா நூல்களுக்கும் 1578-இல் வந்த பதிப்பின் பக்க எண்களையே இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அரிஸ்டாட்டிலுக்கு 1831 பதிப்பின் எண்கள். வரலாற்றாசிரியர்களான ஹெரடோட்டஸுக்கும் துசிடிடீஸுக்கும் புத்தக எண், அத்தியாய எண். உண்மையான மேற்கோள் என்றால் அந்த எண் எங்காவது கிடைத்துவிடும். "ஆராயாத வாழ்க்கை" அப்பாலஜி 38-இல் இருக்கிறது, நிழலில் சண்டை ஹெரடோட்டஸ் 7.226-இல் இருக்கிறது. படத்தோடு வெறும் பெயர் மட்டும் போட்டு வந்தால் நிறுத்திவையுங்கள். எண்ணைப் பிடித்துவிட்டால், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்நூலகத்தில் அந்தப் பகுதியை ஆங்கிலத்தில் இலவசமாகப் படிக்கலாம். முன்னும் பின்னும் ஒரு பக்கம் சேர்த்துப் படியுங்கள், யார் யாரிடம் எதற்குச் சொன்னார் என்பது தெரிந்துவிடும்.

எண் கிடைத்தாலும் ஒன்றை மனதில் வையுங்கள். ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் போன்றவர்களின் உரைகளைத் தந்த துசிடிடீஸ், பேசப்பட்ட சொற்களை அப்படியே நினைவில் வைத்திருப்பது கடினமாக இருந்தது, மொத்தக் கருத்தை விட்டு விலகாமல் அந்தச் சூழ்நிலைக்கு ஏற்றதாக எழுதினேன் என்று நூலின் தொடக்கத்திலேயே (1.22) ஒப்புக்கொள்கிறார். தாம் எப்படி எழுதினேன் என்று வாசகருக்குச் சொல்லிவிட்ட அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். எனவே பெரிக்ளிஸ் பெயரில் எதை எழுதினாலும் அடியில் துசிடிடீஸ் பெயரும் இருக்கட்டும்.

பெயின்டரிடம் ஒவ்வொரு வாசகத்துக்கும் கீழே இரண்டு சிறிய வரிகளுக்கு இடம் விடச் சொல்லுங்கள். சொன்னவர் பெயர், அதை நமக்குச் சொன்ன நூல் ஒரு வரி. எங்கே, எப்போது என்பது இன்னொரு வரி. எல்லாவற்றையும் எழுத வேண்டாம், ஆறு போதும். நீக்கச் சொன்ன வரிகளைத் தூக்கிப் போடாமல் ஒன்பதாம் வகுப்பில் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, முதன்முதலில் அது எங்கே அச்சானது என்று தேடச் சொல்லுங்கள். சக ஆசிரியரையும் அந்த வகுப்புக்கு அழையுங்கள். சுவரில் முதலில் பென்சிலில் எழுதி முடித்ததும் ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பினால், பெயர்களையும் ஆண்டுகளையும் ஒருமுறை சரிபார்த்து அன்றைக்கே பதில் அனுப்புகிறேன்.